22 அங்குலத்துக்கு 14 பேர்

லிஃப்டுக்குள் ஏறியதும் பட்டன்களுக்குப் பக்கத்தில் ஒரு தகடு தெரியும். கவனித்திருப்பீர்கள். 8 பேர், 544 கிலோ. ஆளுக்கு 68 கிலோ என்று வைத்துக்கொண்டு எட்டால் பெருக்கி எழுதியது. அதற்கு மேல் ஆள் ஏறினால் லிஃப்ட் நகராது. கத்தும். கடைசியாக ஏறியவர் அசட்டுச் சிரிப்புடன் இறங்கிக்கொள்வார்.

அதே கட்டடத்தில் மாடிப்படி என்று ஒன்று இருக்கிறதே, அதன் பக்கத்தில் இப்படி ஒரு தகடு பார்த்த ஞாபகம் உண்டா?

படிக்கட்டு என்ன சார், கான்கிரீட், எத்தனை பேர் ஏறினாலும் தாங்குமே என்பீர்கள். தாங்கும்தான். சிக்கல் எடையில் இல்லை. மேலே இருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயத்தில், உயிர் பயத்தோடு, கீழே இறங்க வேண்டி வந்தால் அந்தப் படிக்கட்டு எத்தனை பேரை இறக்கிவிடும்? அந்தக் கணக்கைக் கட்டடம் கட்டுவதற்கு முன்னாலேயே போட்டாக வேண்டும். இன்ஜினியர்கள் இதை ஆக்குபன்ட் லோட் என்கிறார்கள். நாம் ஆள் கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.

நான் படித்தது பி.காம். செங்கல், சிமெண்ட் சமாசாரங்களுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் இது ஒரு பேரேடு. இடது பக்கம், உள்ளே இருப்பவர்கள். வலது பக்கம், வெளியே போகும் வழி. இரண்டும் டேலி ஆக வேண்டும். இவ்வளவு எளிய பேரேட்டை ஒழுங்காக எழுத ஆரம்பிப்பதற்கே நியூயார்க் நகரம் 146 உயிர்களைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கட்டடத்துக்குப் பெயர் ஆஷ் பில்டிங். மன்ஹாட்டனில், வாஷிங்டன் பிளேஸும் கிரீன் தெருவும் சந்திக்கிற முனை. பத்து மாடி. 1901-ல் கட்டி முடித்தார்கள். அந்தக் காலத்தில் லாஃப்ட் என்று அழைக்கப்பட்ட ரகம். அதாவது, ஒவ்வொரு மாடியும் தடுப்புச் சுவரே இல்லாத ஒரு பெரிய திறந்த கூடம். கடை வைக்கிறாயா, வை. சரக்கு அடுக்குகிறாயா, அடுக்கு. தையல் மெஷின் போடுகிறாயா, அதுவும் சரி. வாடகை வந்தால் போதும்.

எந்தக் காரியத்துக்கும் ஆகிற கட்டடம் என்றால், எந்தக் காரியத்துக்காகப் படிக்கட்டு வைப்பது? இந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தரையின் பரப்பளவைப் பார்த்தார்கள். இவ்வளவு சதுர அடிக்கு இத்தனை படிக்கட்டு. அந்த விதிப்படி ஆஷ் கட்டடத்துக்கு மூன்று தேவை. வரைபடத்தில் இருந்தது இரண்டு. கட்டடத் துறை ஆய்வாளர் சுட்டிக்காட்டத்தான் செய்தார். கட்டடத்தின் சார்பில் பதில் போனது: பின்புறம் இரும்பில் ஒரு தீ ஏணி வைக்கிறோமே, அதைச் சேர்த்தால் மூன்று ஆகிவிடுகிறதே!

ஆகிவிட்டது. காகிதத்தில்.

மேலே உள்ள மூன்று மாடிகளை, எட்டு, ஒன்பது, பத்து, டிரையாங்கிள் வெயிஸ்ட் கம்பெனி வாடகைக்கு எடுத்தது. பெண்கள் அணியும் மேல்சட்டை தைக்கிற கம்பெனி. முதலாளிகள் மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்று இருவர். தையல்காரிகள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் கப்பலேறி வந்த குடும்பத்துப் பெண்கள். பதினாறு, பதினெட்டு வயது. ஒன்பதாவது மாடியில் மட்டும் எட்டு நீள மேஜைகள், 240 தையல் மெஷின்கள், சுமார் 250 பேர்.

பத்து மாடிக்கு மேலே கொண்டுபோய்த் தையல் மெஷினை வைப்பானேன்? இங்கேதான் விஷயம் ருசிகரமாகிறது.

அதற்கு முன்னால் இந்தத் தையல் வேலையெல்லாம் குடியிருப்புகளின் இருட்டறைகளில் நடந்துகொண்டிருந்தது. காற்று கிடையாது. காசநோய் சர்வ சாதாரணம். எனவே அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் ஒரு தொழிலாளிக்கு 250 கன அடி காற்று இருக்க வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் கன அடி என்பதில் நீளம், அகலத்தோடு உயரமும் உண்டல்லவா? லாஃப்ட் கட்டடங்களின் மேற்கூரை நல்ல உயரம். தலைக்கு மேலே யாரும் சுவாசிக்காத காற்றும் தொழிலாளியின் கணக்கில் வரவாகிவிடும். முதலாளிகள் கணக்கில் புலி. மூட்டை கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள். ஆஷ் கட்டடத்தில் ஒரு மாடி சுமார் 10,000 சதுர அடி. மேற்கூரை 12 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,20,000 கன அடி. 250-ஆல் வகுத்தால் 480.

480 பேர்! ஒன்பதாவது மாடியில் இருந்ததோ 250. அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே பாதி இடம் காலி.

அந்த மாடிக்கு இருந்த இரண்டு படிக்கட்டுகளின் அகலம் 33 அங்குலம். நம்மூர் வீட்டு வாசல்கதவு இதைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டு பேர் தோளோடு தோள் உரசாமல் இறங்க முடியாது. சட்டத்துக்கு அது கவலையில்லை. அது காற்றை மட்டும்தான் எண்ணியது.

1911 மார்ச் 25. சனிக்கிழமை. நாலே முக்காலுக்கு மணி அடித்தால் வீட்டுக்குப் போகலாம். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால், எட்டாவது மாடியில், வெட்டுத்துணி கொட்டி வைக்கிற பெட்டி ஒன்றில் தீப்பிடித்தது. பருத்தித் துணி. காகித அச்சுகள். எண்ணெய் குடித்த மெஷின்கள். கேட்க வேண்டுமா?

எட்டாவது மாடிக்காரர்களில் பெரும்பாலானோர் தப்பினார்கள். அங்கிருந்து பத்தாவது மாடிக்குத் தொலைபேசியில் தகவல் போனது. அங்கே அலுவலகம் இருந்தது. முதலாளிகளும் இருந்தார்கள். மொட்டைமாடிக்கு ஏறி, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நீட்டிய ஏணிகளைப் பிடித்துத் தப்பினார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தீயே நேரில் வந்து சொன்னது.

கிரீன் தெருப் பக்கத்துப் படிக்கட்டில் சிலர் இறங்கினார்கள், சிலர் மேலே ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் அது நெருப்புக் குழாய் ஆகிவிட்டது. வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவுக்கு ஓடினார்கள். பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் துணி எதையும் திருடிக்கொண்டு போய்விடக்கூடாதே என்று, ஒரே வழியாக விட்டுக் கைப்பையைச் சோதிப்பது அங்கே வழக்கம்.

மிச்சம் இருந்தது அந்த மூன்றாவது படிக்கட்டு. காகிதத்துப் படிக்கட்டு. பின்பக்கத்து இரும்பு ஏணி. கூட்டம் ஏறியதும் அது சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு, ஏறியவர்களோடு கீழே விழுந்தது. லிஃப்ட் ஓட்டிய இருவர் திரும்பத் திரும்பப் போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். நெருப்பு விட்ட வரைக்கும். தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடியோடு நின்றுவிட்டது. ஒன்பதாவது மாடி ஜன்னல்களிலிருந்து பெண்கள் குதிக்க ஆரம்பித்தார்கள்.

மொத்தம் 146 பேர். அதில் 123 பேர் பெண்கள்.

முதலாளிகள் மீது வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபணம் ஆகவில்லை. அந்த வருடம் டிசம்பரிலேயே விடுதலை. நமக்குப் புதிய கதையா என்ன?

ஆனால் அன்றைக்குத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களில் ஒரு பெண்மணி இருந்தார். ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். பக்கத்துத் தெருவில் தேநீர் விருந்துக்கு வந்தவர், கூச்சல் கேட்டு ஓடி வந்தார். பின்னாளில் ரூஸ்வெல்ட் மந்திரிசபையில் தொழிலாளர் துறைச் செயலர். அமெரிக்காவின் முதல் பெண் மத்திய அமைச்சர் அவர்தான். விபத்துக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் ஒரு தொழிற்சாலை விசாரணைக் கமிஷன் போட்டது. ராபர்ட் வாக்னர் தலைவர், ஆல் ஸ்மித் துணைத் தலைவர். பெர்கின்ஸ் அதற்காக வேலை செய்தார். கமிஷன் ஆட்கள் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினார்கள்.

1913-ல் திருத்திய தொழிலாளர் சட்டம் வந்தது. நம் கதைக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு பிரிவு. மாடியில் எத்தனை பேர் வேலை செய்யலாம்? அங்கிருந்து எத்தனை பேர் பத்திரமாக வெளியேற முடியுமோ அத்தனை பேர். புதிதாகக் கட்டும் தொழிற்சாலைகளில், படிக்கட்டின் ஒவ்வொரு முழு 22 அங்குல அகலத்துக்கும், ஒரு மாடிக்கு 14 பேர். அந்த எண்ணிக்கையை ஒவ்வொரு மாடியிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

ஆக, தகடு வந்துவிட்டது. லிஃப்டுக்கு இல்லை, மாடிக்கு.

அதென்ன 22 அங்குலம்? ஒரு ஆளின் தோள் அகலம். படிக்கட்டை அங்குல அங்குலமாக அளந்து பயனில்லை, ஆள் ஆளாகத்தான் அளக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. 44 அங்குலமா, இரண்டு வரிசை இறங்கும். 33 அங்குலமா, ஒன்றரை வரிசை என்று சொல்லாதே. ஒரு வரிசைதான். அரை மனிதன் என்று யாரும் கிடையாது. 14 பேர் என்ற எண்ணும் யோசித்து வைத்ததுதான். ஒரு மாடிக்கும் அடுத்த மாடிக்கும் நடுவே உள்ள படிகளில், நெரிசல் இல்லாமல் ஒரு வரிசையில் அத்தனை பேர் நிற்கலாம். எல்லா மாடிக்காரர்களும் ஒரே நேரத்தில் படிக்கட்டுக்குள் வந்து நின்றாலும் இடம் இருக்க வேண்டும் என்பது யோசனை.

இந்தப் புதிய கணக்கை ஆஷ் கட்டடத்தில் போட்டுப் பார்க்கலாமா? மேற்கூரை உயரம், தண்ணீர் தெளிக்கும் குழாய் என்று சட்டம் சில சலுகைகள் தருகிறது. அதை விட்டுவிடுவோம். 33 அங்குலப் படிக்கட்டு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் முழு 22 ஒன்று. எனவே 14 கூட்டல் 14.

28 பேர்.

அதே தரை. அதே சுவர். காற்றை வைத்துக் கணக்குப் போட்டால் 480. வழியை வைத்துக் கணக்குப் போட்டால் 28.

ஆஷ் கட்டடம் இடிபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே எல்லாம் எரிந்தும் எலும்புக்கூடு கெட்டியாக நின்றது. 1929-ல் அது நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்குப் பெயர் பிரவுன் பில்டிங். சட்டை தைத்த மாடிகளில் ஆய்வுக்கூடங்களும் வகுப்பறைகளும் வந்துவிட்டன.

சட்டம் நியூயார்க் தொழிற்சாலைகளோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1913-ல் இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. 1927-ல் கட்டடங்களின் வெளியேறும் வழிகளுக்காக ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. பள்ளி, தியேட்டர், கடை, ஆஸ்பத்திரி என்று தனித்தனியாகப் பிரித்து எழுத ஆரம்பித்தார்கள். இப்போதும் வருகிறது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தி.

எல்லாம் சரி. ஒரே கட்டடத்தில் எல்லாம் இருந்தால்?

1942 நவம்பர் 28. பாஸ்டன். கோகனட் குரோவ் என்றொரு இரவு விடுதி. பெயருக்கு ஏற்றாற்போல் உள்ளே செயற்கைத் தென்னை மரங்கள். தரைத்தளத்தில் சாப்பாட்டுக் கூடம், நடன மேடை. நிலவறையில் மெலடி லவுஞ்ச் என்று ஒரு மதுக்கூடம். பக்கத்துக் கட்டடத்தைத் துளைத்துச் சேர்த்து, சில நாட்களுக்கு முன்னால்தான் திறந்த இன்னொரு மதுக்கூடம். கடை ஒன்று, கல்லா ஒன்று, அறைகள் பல. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 460. அன்றிரவு உள்ளே இருந்தவர்கள் சுமார் ஆயிரம்.

தீ கிளம்பியது நிலவறையில். அங்கிருந்தவர்களுக்கு மேலே வர ஒரே படிக்கட்டு. படி ஏறினால் ஒரு அவசரக் கதவு. அது பூட்டு. எனவே முன்வாசலை நோக்கி ஓடினார்கள். அதே நேரத்தில் சாப்பாட்டுக் கூடத்திலிருந்தும் ஒரு கூட்டம் அதே முன்வாசலை நோக்கி ஓடியது. முன்வாசலில் இருந்தது ஒரு சுழலும் கதவு. ஸ்டார் ஹோட்டல்களில் பார்த்திருப்பீர்கள், ஆள் ஆளாகச் சுற்றிவிடுமே, அது. இரண்டு பக்கமிருந்தும் தள்ளினால் அது எந்தப் பக்கமும் சுற்றாது. நின்றுவிட்டது. புதிய மதுக்கூடத்தின் கதவோ உள்பக்கமாகத் திறப்பது. கூட்டம் மோதியதும் அதைத் திறக்கவே முடியவில்லை.

492 பேர் இறந்தார்கள். அந்த விடுதிக்குள் அனுமதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையைவிட இது அதிகம்.

சுழலும் கதவின் இருபுறமும் வெளிப்பக்கமாகத் திறக்கும் சாதாரணக் கதவு இருக்க வேண்டும் என்று விதி வந்தது இதற்குப் பிறகுதான். அடுத்தமுறை ஸ்டார் ஹோட்டலுக்குப் போனால் பாருங்கள், இருக்கும்.

கோகனட் குரோவ் காட்டிய இன்னொரு விஷயம் கூட்டல். நிலவறைக்குத் தனிக் கணக்கு, சாப்பாட்டுக் கூடத்துக்குத் தனிக் கணக்கு என்று போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இரண்டு கூட்டமும் எந்தக் கதவில் வந்து சந்திக்கிறதோ, அந்தக் கதவுக்கு இரண்டையும் கூட்டியாக வேண்டும்.

நம்மூருக்கு வருவோம். இந்தியாவில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒன்று உண்டு. முதல் பதிப்பு 1970. பிறகு 1983, 2005, 2016-ல் திருத்தினார்கள். இது வழிகாட்டிதான். மாநிலங்கள் தங்கள் விதிகளில் எடுத்துக்கொண்டால்தான் கட்டாயம். 2016-ல் படிக்கட்டு அகலத்தை அளக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். புரிந்துகொள்ள 2005 பதிப்பு சுலபம். அதில் ஒரு ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர் தரை என்று பட்டியல் இருக்கிறது. குடியிருப்பு என்றால் 12.5. அலுவலகம் 10. தெருமட்டத்துக் கடை 3. உணவகம் 1.5. நாற்காலி போட்ட அரங்கம் 0.6. நியூயார்க்கின் 22 அங்குலம் இங்கே 50 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. இந்தியத் தோள் கொஞ்சம் ஒல்லி என்று நினைத்துவிட்டார்கள் போல.

நம் ஊர் மெயின்ரோட்டில் சாதாரணமாகத் தென்படுகிற ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தளமும் 300 சதுர மீட்டர். கீழே ஜவுளிக்கடை. முதல் மாடியில் ஆடிட்டர் ஆபீஸ். இரண்டாவது மாடியில் ஹோட்டல். மூன்றாவது மாடியில் கல்யாண மண்டபம்.

கடையை 3-ஆல் வகுத்தால் 100 பேர். ஆபீஸ் 30. ஹோட்டல் 200. மண்டபம் 500.

எல்லாம் ஒரே 300 சதுர மீட்டர்தான். 30-ம் அதுவே, 500-ம் அதுவே. தரையைப் பார்த்து ஆளை எண்ண முடியாது என்பது இப்போது புரிகிறதா? தரையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே கூடம் ஒருநாள் ஆபீஸ் மீட்டிங்குக்கும் மறுநாள் ரிசப்ஷனுக்கும் போகிறது என்றால், எதில் கூட்டம் அதிகமோ அதை வைத்துத்தான் வழியைத் திட்டமிட வேண்டும்.

அடுத்தது படிக்கட்டு. எல்லா மாடியையும் கூட்டிப் பயமுறுத்த மாட்டார்கள். மேல்மாடிக்காரர்கள் கீழே வருவதற்குள் கீழ்மாடிக்காரர்கள் இறங்கியிருப்பார்கள் என்று ஒரு கணிப்பு. எந்த மாடியில் கூட்டம் அதிகமோ அதற்கு ஏற்ற அகலம், அங்கிருந்து தெரு வரைக்கும், நடுவில் எங்கேயும் குறுகாமல் வர வேண்டும். அரங்கங்களுக்கு 50 சென்டிமீட்டர் படிக்கட்டு அகலத்துக்கு 40 பேர் என்பது 2005 கணக்கு. 500 பேருக்கு ஆறேகால் மீட்டர். மூன்று பெரிய படிக்கட்டு வேண்டும். அவை முப்பது பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸைத் தாண்டியும் அதே அகலத்தில் இறங்க வேண்டும். ஆடிட்டருக்கு எதற்கு ஆறேகால் மீட்டர் என்று கேட்டால், அவருக்கு இல்லை. அவர் தலைக்கு மேலே பந்தி நடக்கிறதே, அவர்களுக்கு.

இதைக் கட்டும்போதே செய்தால் செலவு மட்டும்தான் பிரச்னை. நம் வழக்கம் வேறு. முதலில் நாலு மாடி ஆபீஸ் என்று பிளான் வாங்குவோம். நாலு வருடம் கழித்து ஆபீஸ் காலி. மண்டபத்துக்கு வாடகை ஜாஸ்தி. பெயிண்ட் அடித்து, ஏ.சி. போட்டு, சீரியல் பல்பு தொங்கவிட்டால் தீர்ந்தது. பேரேட்டின் இடதுபக்கம் 30-லிருந்து 500 ஆகிவிடும். வலதுபக்கம்? கான்கிரீட். அது வளராது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்த கட்டடத்தில், ஒரே கூரையின் கீழ் மூன்று பள்ளிகள் நடந்தன. மேலே கீற்றுக் கொட்டகை. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு 4 சதுர மீட்டர் என்கிறது அதே பட்டியல்.

டெல்லி உபகார் தியேட்டரின் கதை இன்னும் நுணுக்கமானது. ஒரு பி.காம்.காரன் தூக்கத்தைக் கெடுக்கிற கதை.

உபகார் வெறும் தியேட்டர் இல்லை. தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடம், மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர். அதற்கு மேலே அரங்கம், பால்கனி. வாடகைக்கு விட்ட அலுவலகங்களும் உண்டு. 1973-ல் திறந்தார்கள். பிறகு பால்கனியில் எட்டு இருக்கைகளோடு ஒரு குடும்ப பாக்ஸ் முளைத்தது. வலதுபக்கத்து வெளியேறும் வழி அதனால் அடைபட்டது. 1976-ல் அரசு டிக்கெட் விலையைக் குறைக்கச் சொல்லி, அதற்கு ஈடாகத் தியேட்டர்காரர்களுக்குக் கூடுதல் இருக்கைகளை அனுமதித்தது. உபகாருக்கு 100. அதில் 43 பால்கனிக்கு. இருக்கை போட இடம் வேண்டுமே? வலதுபக்கத்து நடைபாதை காணாமல் போனது.

1979-ல் அந்தச் சலுகை ரத்தானது. கூடுதல் இருக்கைகளை எடு என்றார்கள். பால்கனியின் 43-ல் எடுத்தது 6. மீதி 37 இருக்கலாம் என்று அதிகாரிகளே விட்டுவிட்டார்கள். 1980-ல் இன்னும் 15-க்கு அனுமதி. ஆக 52 இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காகிதம், ஏதோ ஒரு கையெழுத்து. யாரும் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்த காரியம் இல்லை இது.

1997 ஜூன் 13. மேட்னி காட்சி. பார்டர் படம், முதல் நாள். அன்றைக்குக் காலையிலேயே கீழே டிரான்ஸ்ஃபார்மரில் தீப்பிடித்து, அவசரமாகப் பழுது பார்த்திருந்தார்கள். மாலை ஐந்து மணிவாக்கில் மறுபடி பற்றியது. பக்கத்தில் நின்ற கார்களுக்குத் தாவியது. தீ பால்கனிக்கு வரவே இல்லை. புகை வந்தது, படிக்கட்டு வழியாகவும் ஏ.சி. குழாய் வழியாகவும். கீழ் அரங்கில் இருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். பால்கனியில் விளக்கு அணைந்தது. அறிவிப்பு எதுவும் இல்லை. வலதுபக்கம் எழுந்தவர்களுக்கு நடைபாதை இருந்த இடத்தில் இருக்கைகள் இருந்தன. 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் சங்கம் அமைத்து வழக்கு நடத்தினார்கள். வருடக்கணக்கில். 2003-ல் டெல்லி உயர் நீதிமன்றம் இழப்பீட்டோடு சேர்த்து, தியேட்டர் நிறுவனத்துக்குத் தண்டனைத் தொகை என்று தனியாக இரண்டரைக் கோடி ரூபாய் விதித்தது. அந்தத் தொகைக்கு எப்படி வந்தார்கள் தெரியுமா? கூடுதலாகப் போட்ட 52 இருக்கைகளும் அத்தனை வருடத்தில் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்திருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். இருக்கைக்கு இவ்வளவு, காட்சிக்கு இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவு என்று.

மேல்முறையீட்டில், இந்தக் கணக்கு சரியில்லை, அதில் 37 இருக்கைகள் அனுமதியோடு இருந்தவை என்றது உச்ச நீதிமன்றம். 2011-ல் அந்தத் தொகையை 25 லட்சமாகக் குறைத்தது.